என் தோட்டத்தில் எனக்கு வேலியோரம்

1

மழை பெய்யாததற்கும் இந்த நாட்டில் அறிவித்தல் ஒட்டுவார்கள். போன கோடையில் எங்கள் தோட்டச் சங்கத்தின் படலையில் ஒன்று ஒட்டியிருந்தது. எங்கே கடதாசி ஒட்டியிருந்தாலும் அதில் என் பெயர் இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். சைக்கிளை விட்டு இறங்காமலே என் பெயரைத் தேடினேன். இல்லை. நிலத்தடித் தண்ணீர் இறங்கிவிட்டதாம். சங்கத்துக் கிணற்றில் காலையில் கொஞ்ச நேரமும் பின்னேரம் கொஞ்ச நேரமும் மட்டும் மோட்டர் போடலாமாம். அவ்வளவுதான். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். நான் நிம்மதியாக இருந்தால் ஏதோ ஒன்றைச் சரியாக வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஜேர்மனியில் எங்களைப்போல மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கவும் மண் கிடையாது. அதனால் நகரத்தின் ஓரத்தில் பெரிய காணியொன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, மரக்கறி வைக்க வாடகைக்குக் கொடுப்பார்கள். அதை நடத்த ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு விதிகள் இருக்கின்றன. மத்தியானத்தில் சத்தம் போடக்கூடாது. வேலி சொன்ன உயரத்துக்கு மேலே போகக்கூடாது. காணியை எடுத்தவர் தானே பயிர் செய்யவேண்டும், பிறருக்குக் கொடுக்கக்கூடாது. முதல் வருடம் பரீட்சை வருடம். அது முடிகிறபோது இப்படியான சங்கங்களுக்கெல்லாம் மேலே இருக்கிற மேற்சங்கத்தில் இருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால் காணி நிலைக்கும். இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

அந்த வரிசையில் என் மனைவி கௌரி பல வருடம் நின்றாள். முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலை அவளுக்கு. தோட்டப் படலையின் திறப்பு கையில் கிடைத்த அன்று அதைத் தாலிக்கொடியில் கோர்க்காத குறையாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த நாட்டில நான் கேட்டு எனக்குக் கிடைச்ச முதல் சாமான் இதுதானப்பா. உங்கட பதகளிப்பால இதைக் கெடுத்துப்போடாதேங்கோ."

நான் கெடுக்கமாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே பதறிப் பதகளித்துக்கொண்டுதான் சொன்னேன்.

2

எங்கள் வரிசையில் எட்டுத் தோட்டங்கள். கௌரியின் தோட்டம் முதலாவது, மோட்டர்க் கொட்டிலுக்குப் பக்கத்தில். சத்தம் என்று ஒருவரும் விரும்பாமல் விட்ட காணி எங்களுக்கு வந்தது. கடைசித் தோட்டம் லேனாவினுடையது. லேனா பேருந்து ஓட்டுகிற பெண்மணி, தோட்டத்திலும் பேருந்துக்காரர் சட்டையோடுதான் நிற்பார்.

மோட்டர் நேரத்தைக் குறைத்த பிறகு குழாயில் தண்ணீர் கடைசிவரை போகவில்லை. முதல் தோட்டத்தில் ஒழுங்காக வந்தது. நடுவில் கண்ணீர்போல வந்தது. லேனாவின் குழாயில் காற்று மட்டும் வந்தது. வாளியில் தூக்கிக் காவலாம் என்றால், அவர் இரண்டாம் முறை காவ வருவதற்குள் மோட்டர் நின்றுவிடும். லேனாவின் போஞ்சி நின்ற இடத்திலேயே காய்ந்தது.

சங்கத் தலைவர் பிரிங்க்மன் எங்கள் வரிசைக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் வரிசையில் அவருக்கும் ஒரு தோட்டம். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். நான் என் மகள் தர்சிகாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். பதினாறு வயது. அவள் வருவாள், ஆனால் வந்த இடத்தில் இருக்கமாட்டாள். தொலைபேசிக்குள் இருப்பாள்.

ஒருவர் நாள்முறை வைக்கலாம் என்றார். ஒருவர் பெரிய குழாய் போடலாம் என்றார். ஒருவர், இந்த வருடம் நடாமல் விடலாம் என்றார். லேனா காய்ந்த போஞ்சிக் கொடியொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு இருந்தார். கடைசிக் காணிக்காரரின் முகத்தை நான் எங்கே கண்டாலும் தெரிந்துகொள்வேன். எங்கள் அப்பாவின் முகம் அது.

எழும்பிவிட்டேன். தர்சிகா தலையை நிமிர்த்துவதற்குள் பேசத் தொடங்கிவிட்டேன்.

என் ஜேர்மன் ஒரு வைத்தியசாலைக் குசினியில் பாத்திரம் கழுவிப் படித்தது. அங்கே எனக்கு மற்றவர்கள் சொன்னதெல்லாம் ஏவல்: எடு, வை, கழுவு, அடுக்கு, கெதியாக. அதனால் நான் அந்த மொழியில் எதைச் சொன்னாலும் ஏவலாகத்தான் வரும். டாக்குத்தரிடம் நெஞ்சுநோவைச் சொல்லப் போய் அவரை உட்காரச் சொன்னவன் நான்.

"தண்ணி வருகிற காணிக்கு எல்லாரும் வா," என்றேன். "எட்டாகப் பிரி. துண்டு குலுக்கு. நடு. சேர்ந்து ஊற்று. காய் ஆய். சாப்பிடு."

இவ்வளவு தெளிவான திட்டத்தை அந்தச் சங்கம் கண்டதில்லை என்று நினைக்கிறேன்.

"இது எங்கே நடைமுறையில் இருக்கிறது?" என்று பிரிங்க்மன் கேட்டார்.

"இரணைமடு."

எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, விரும்புகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது. என் கை மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது.

3

ஊரில் எங்கள் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிறைய நின்றால் அதன் கீழே வயல் செய்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கத் தேவையில்லை. குளத்தில் தண்ணீர் குறைந்தால்தான் கதை தொடங்கும். மாரியில் எல்லோரும் எல்லாக் காணியையும் விதைப்பார்கள். சிறுபோகத்துக்கு, கோடையில், குளத்தில் நிற்கிற தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. அப்போது கூட்டம் வைப்பார்கள். இந்த முறை இவ்வளவு காணிக்குத்தான் தண்ணீர் என்று முடிவாகும். தண்ணீர் போகிற பக்கத்துக் காணிகளை மட்டும் விதைப்பது. தண்ணீர் போகாத பக்கத்துக் காணிக்காரருக்கும் அதிலே பங்கு. மாரியில் எவ்வளவு காணி வைத்திருக்கிறாரோ அதற்கேற்றபடி ஒரு சிறு துண்டு. எந்தத் துண்டு யாருக்கு என்பதைக் குலுக்கி எடுப்பார்கள்.

இதைக் கேட்டால் எல்லோரும் தருமவான்கள் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. அந்தக் கூட்டங்களில் நான் பழகிய தூசணம் பிறகு எங்கேயும் பழகவில்லை. ஆனால் கத்தி முடிந்த பிறகு பங்கு கிடைக்கும்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். கிடைத்தது வாய்க்காலின் கடைசி. வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் இருக்கிற தலைக்காணிக்காரர் வயல் பாய்ச்சி, மாடு குளிப்பாட்டி, தாங்களும் குளித்து, பிறகு மிஞ்சினது எங்களுக்கு. எங்கள் முறைத் தண்ணீரை வழியில் ஒருவரும் மறித்துக் கட்டாமல் காவல் இருக்க ஆள் வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு சிறுபோகம் அந்தக் காவலுக்குப் போனேன். போகம் முடிந்த பிறகு பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை. நானும் அதைத் தேடவில்லை.

மாரியில் அப்பா ஒருவரோடும் கதைக்கமாட்டார். பங்கு விதைக்கிற கோடையில் அவர் வேறு ஆள். வயலில் அடுத்த வரம்பில் இன்னொருவர் நிற்பார். அவருடைய தேத்தண்ணியை இவர் குடிப்பார், இவருடைய வெற்றிலையை அவர் போடுவார். தலைக்காணிக்காரரைப் பற்றி இருவரும் சேர்ந்து கதைப்பார்கள். எனக்குப் பங்கு என்றால் அந்தச் சத்தம்தான். அதனால்தான் லேனாவைக் கண்டதும் வாய் தானாகத் திறந்தது.

4

ட்ராமில் வரும்போது தர்சிகா தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இது அடிக்கடி நடப்பதில்லை.

"அப்பா, தண்ணி வாற முதல் காணி யாற்ற?"

"எங்கட," என்றேன்.

"அதைத்தான் எட்டாப் பிரிக்கச் சொன்னீங்கள். ஓகே?"

சத்தியமாக நான் அதை யோசிக்கவில்லை. பிறந்ததில் இருந்து நாங்கள் கடைசிக் காணிக்காரர். தலைக்காணி என்பது மற்றவர்களிடம் இருக்கிற சாமான். கடல் கடந்து வந்து நானே தலைக்காணிக்காரன் ஆகிவிட்டேன் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கௌரி குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள். சொன்னேன். அவள் கையை எடுக்காமல் கேட்டாள்.

"என்ர தோட்டத்தையோ?"

"ஓம்."

"என்னைக் கேட்டனீங்களோ?"

"நேரம் கிடைக்கேல்லை."

"கை உயர்த்த நேரம் கிடைச்சது." அரிசித் தண்ணீரை வாளியில் ஊற்றினாள். கத்தரிக்கு ஊற்றுவதற்காக அவள் அதைச் சேர்த்து வைப்பாள். அன்றைக்கு வாளியின் மூடியைப் போட்ட சத்தம் கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும். "மேற்சங்கத்துக்காரர் வந்து பாக்கேக்க என்ன சொல்லப்போறியள்? பிறருக்குக் குடுக்கப்படாது எண்டு விதி இருக்கு. காணி போச்செண்டால் நான் உங்களோட கதைக்கமாட்டன். சும்மா சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ."

நான் அப்படி நினைக்கவில்லை. அவள் சொன்னதைச் செய்கிறவள்.

ஊரில் இருக்கிற பெரியண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இன்னும் எங்கள் வயலைச் செய்கிறார். வவுனியாவுக்குப் போய்த் திரும்புகிற வழியில் புளியங்குளத்தில் இறங்கி நின்றார். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. விசயத்தைச் சொன்னேன்.

"டேய், உனக்குத் தலைக்காணியே கிடைச்சது?"

"ஓம் அண்ணை."

"தலைக்காணிக்காரன் தானா எழும்பிப் பங்கு கேட்டதை நான் என்ர சீவியத்தில கேள்விப்படேல்லை. அப்பா இருந்தால் உன்னை வாய்க்காலுக்குள்ள தள்ளியிருப்பார்."

"இப்ப என்னண்ணை செய்யிறது?"

"என்ன செய்யிறது? கூட்டத்தில சொன்னாச் சொன்னதுதான். குலுக்கு. வேலியோரத்துத் துண்டு மட்டும் விழாமப் பாத்துக்கொள். நிழல் விழும், ஒண்டும் வராது."

5

வேலியோரத்துத் துண்டு எனக்கு விழுந்தது.

குலுக்கல் என் தொப்பியில் நடந்தது. என் தோட்டம், என் தொப்பி, எனக்கு வேலியோரம். கௌரியின் பாவற் பந்தல் பிரிங்க்மனுக்குப் போனது. கத்தரி லேனாவுக்கு. நட்டு நின்றவற்றைப் பிடுங்கக்கூடாது, துண்டு யாருக்கோ அவர் பார்க்கவேண்டும் என்று ஏற்றுக்கொண்டோம். கௌரி தன் பந்தலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் கிழமை அவள் ஒருவரோடும் கதைக்கவில்லை. பந்தலோடு மட்டும் கதைத்தாள்.

முதல் காயைப் பிரிங்க்மன்தான் ஆய்ந்தார். அந்த இடத்திலேயே பச்சையாகக் கடித்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"இது பழுதாகிவிட்டதா?" என்று கௌரியிடம் கேட்டார்.

"இல்லை. நல்லாத்தான் இருக்கு. இதின்ர குணமே இதுதான்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். கௌரி திரும்பி நின்று சிரித்தாள். என்னோடு சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தாள்.

மோட்டர் ஓடுகிற நேரம் எட்டு வீட்டுக்காரரும் ஒரே காணிக்குள் நிற்பார்கள். ஒருவர் குழாயைப் பிடித்தால் மற்றவர் கொடியைத் தூக்கவேண்டும். பிறகு மோட்டர் நிற்கும், ஆனால் ஆட்கள் போகமாட்டார்கள். கௌரி அரிசித் தண்ணீர் வாளியைக் கொண்டுவருவதைப் பார்த்து லேனா, அது என்ன என்று கேட்டார். அடுத்த நாள் லேனா கீரை கழுவிய தண்ணீரோடு வந்தார், பேருந்தில் முன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து. அதற்குப் பிறகு இது ஒரு போட்டியாகிவிட்டது. மரக்கறி கழுவினது, முட்டை அவித்தது, மீன் தொட்டி மாற்றினது என்று ஆளுக்கொரு தண்ணீரோடு வருவார்கள். யாருடையது நல்லது என்று தீர்ப்புச் சொல்வது கௌரி. ஒருவர் உருளைக்கிழங்கு அவித்த உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். இரண்டு மிளகாய்க் கன்று தலை சாய்ந்தது. கௌரி அவருக்குச் சொன்ன ஜேர்மனில் பாதி தமிழ். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் இவ்வளவு சந்தோசம் இருக்கிறது என்று நான் நினைத்திருக்கவில்லை. ஊரில் அதை வறுமை என்று சொல்லித்தான் செய்தோம். இங்கே வீட்டில் தனியாகச் செய்தபோது அது கௌரியின் பழக்கம். எட்டுப்பேர் செய்தபோது விளையாட்டு. பயிருக்கு எல்லாம் ஒன்றுதான்.

எனக்கு மட்டும் நித்திரை இல்லை. மேற்சங்கத்துக்காரர் வருகிற நாள் கிட்டக்கிட்ட வந்தது.

6

என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் நானே நட்டது என்று சொல்வது. போஞ்சி, பூசணி, சலாதுக் கீரை, எல்லாம் நான். தர்சிகாவிடம் அந்த வசனத்தை ஒழுங்காகச் சொல்லித்தரச் சொன்னேன்.

"பொய் சொல்ல நான் ஹெல்ப் பண்ணமாட்டன் அப்பா. அதுவும் கிராமர் பிழையாச் சொன்னா பொய்யெண்டு உடன தெரிஞ்சிடும்."

பிறகு சிநேகிதியோடு நீச்சலுக்குப் போய்விட்டாள்.

இருவர் வந்தார்கள். ஒருவர் அளவுநாடா வைத்திருந்தார். மற்றவர் கண்ணாடி போட்ட பெண்மணி, கேள்வி கேட்பவர் அவர்தான். பிரிங்க்மனும் லேனாவும் படலைக்குள் நின்றார்கள். கௌரி மிளகாய்க்கு நடுவில் நின்றாள், என்னைப் பார்க்காமல்.

"இந்தத் தோட்டத்தில் பயிர் செய்வது யார்?" என்று பெண்மணி கேட்டார்.

வசனம் தொண்டைவரை வந்தது. ஆனால் பார்த்த பக்கமெல்லாம் ஒவ்வொருவருடைய கை தெரிந்தது. லேனாவின் கத்தரி பேருந்துத் தரிப்பில் நிற்கிற ஆட்களைப்போல வரிசையாக நின்றது. பிரிங்க்மன் தன் துண்டில் ஒவ்வொரு கன்றுக்கும் பெயர்ப்பலகை குத்தியிருந்தார். இதையெல்லாம் ஒருவர் செய்தார் என்றால் அந்த ஆளை வைத்தியசாலைக்குத்தான் அனுப்பவேண்டும்.

"அது லேனா," என்றேன். "அது பிரிங்க்மன். அது அவர், அது இவர்." கைகாட்டிக்கொண்டே போனேன். "எங்களுக்கு, அது. வேலியோரம்."

வேலியோரத்தில் நாலைந்து சலாது நிழலுக்குள் நின்றது.

"உங்கள் தோட்டத்தில் உங்களுக்கு இருப்பது அது மட்டும்தானா?"

"ஓம்."

"ஏன்?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வந்தது ஒரு சொல்தான். "தண்ணி."

பெண்மணி பிரிங்க்மனைப் பார்த்தார். பிரிங்க்மன் தொண்டையைச் செருமினார்.

"இவர்கள் விருந்தினர். விருந்தினர் தோட்டத்துக்கு வரலாம் என்று விதியில் இருக்கிறது."

"விருந்தினர் தண்ணீர் ஊற்றலாமா?"

"உதவி செய்யலாம் என்று இருக்கிறது."

"விருந்தினர் போஞ்சி நடலாமா?"

"நடக்கூடாது என்று இல்லை. நான் தேடிப் பார்த்தேன்."

அவர் உண்மையிலேயே தேடிப் பார்த்திருந்தார். பெண்மணி தோட்டத்தைச் சுற்றி நடந்தார். கௌரிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டார், கௌரி ஏதோ சொன்னாள். ஒரு பாவற்காய் கைமாறியது. லஞ்சம் என்று எடுத்துவிடுவார்களோ என்று அந்தப் பாவற்காயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பெண்மணி என்னிடம் வந்து, விதி கேட்கிற அளவுக்கு மரக்கறி இருக்கிறது என்றார், அதற்கு மேலேயும் இருக்கிறதாம், காணி நிலைக்கும் என்றார். வேலி மட்டும் உயரம் கூடிவிட்டது, வெட்டவேண்டும். அவர்கள் கண்ட ஒரே பிழை எனக்குப் பங்கு விழுந்த பக்கத்தில் இருந்தது.

கௌரி திரும்பி என்னைப் பார்த்தாள். "வேலியை நாளைக்கே வெட்டுங்கோ," என்றாள். கன நாளைக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முழு வசனம் அது.

7

ஒரு கிழமை தள்ளி மழை பெய்தது. இங்கத்தைய மழை, சத்தமில்லாமல், விடாமல். கிணறு ஏறியது. படலையில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பிரிங்க்மன் கழற்றினார். அவரவர் தங்கள் தோட்டத்துக்குத் திரும்பலாம் என்றார்.

பெரியண்ணைக்குச் சொன்னேன், காணி நிலைத்துவிட்டது என்று. சந்தோசம் என்றார். "அப்ப இனி ஒருத்தரும் உன்ர பக்கம் வரமாட்டினம்," என்றார். "தண்ணி வந்தால் சனம் அப்பிடித்தான். இஞ்சையும் அதுதான்."

நான் விரும்பினது நடந்துவிட்டது. காணி கௌரியின் கையில், தண்ணீர் குழாயில், ஒருவரும் எங்கள் துண்டுக்குள் இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவரவர் சாமானைப் பொறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு வேறு விதமான பதகளிப்பு வந்தது. லேனா தன் பூவாளியைத் தூக்கிக்கொண்டார். பிரிங்க்மன் பெயர்ப்பலகைகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

"நில்லுங்கோ," என்றாள் கௌரி.

கௌரியின் ஜேர்மன் முதியோர் இல்லத்தில் படித்தது. அங்கே இருக்கிற கிழவிகளின் மொழி. என்னுடையதைப்போல ஏவல் இல்லை. மிகவும் மரியாதையானது, அதனால் ஒருவரும் மறுக்க முடியாதது. அந்த மொழியில் அவள் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"மன்னிக்கவேண்டும். நான் உடையார்கட்டில் பிறந்தவள். எங்கள் ஊரிலும் குளம் இருக்கிறது, பங்கு இருக்கிறது. பங்கு நட்ட காணியை, தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவரும் பாதியில் விட்டுப் போவதில்லை. கடைசிக் காய் ஆயும்வரை எல்லோரும் வரவேண்டும். கடைசி நாள் ஒவ்வொரு துண்டிலும் இருந்து ஒவ்வொன்று எடுத்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடவேண்டும். அடுத்த கோடையில் யாருடைய காணியில் சேர்வது என்று அந்தச் சாப்பாட்டில்தான் முடிவு செய்வது. அப்படி முடிவு செய்யாமல் பிரிந்தால் அடுத்த வருடம் காய் பிடிக்காது."

லேனா பூவாளியைக் கீழே வைத்தார். பிரிங்க்மன் பிடுங்கின பலகையை அதே ஓட்டைக்குள் திரும்பக் குத்திவிட்டு, கடைசி வசனத்தை இன்னொருமுறை சொல்லும்படி கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுதினார்.

ட்ராம் தரிப்புக்கு நடந்து போகும்போது நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. நாளைக்கு யாராவது விசாரித்தால் என்ன செய்வது என்ற பயம்.

"இஞ்சாரும், உடையார்கட்டில இப்பிடி ஒரு வழக்கம் இருக்கோ? நான் கேள்விப்படேல்லை."

கௌரி வாளியை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"இனி இருக்கும்," என்றாள்.